இறக்கின டொயோட்டா 86-க்கு ரிம், டயர் சைஸ்: 17×9 போடலாமா, 18×9.5-ஆ?

கிள்ளான்86:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2013 டொயோட்டா 86, மேனுவல். ஹை-லோ அட்ஜஸ்டபிள் அப்சோர்பர் மாட்டி நாலு பக்கமும் 30 மி.மீ. இறக்கியிருக்கு. ரிம் இன்னும் ஒரிஜினல்தான்: 17×7 (இஞ்ச்ல விட்டம் × அகலம்), ஆஃப்செட் (ரிம் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில பூட்டுற முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்குங்கிறது) +48, டயர் 215/45 ஆர்17 (அகலம் மி.மீ.ல, சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம், ரிம் விட்டம்). முன்னாடி கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) மாத்துற போல்ட் போடலை. பின்னாடி லோயர் ஆர்மும் கம்பெனியோடதுதான்.

தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில வேலைக்குப் போகணும், எப்பவாவது கெந்திங் ஏத்தம், செப்பாங் ரேஸ் டிராக்ல டிராக் டே நடந்தா அதுக்கும். ரெண்டு செட் ரிம் வாங்க வசதியில்லை, எல்லாத்துக்கும் ஒரே செட்.

இப்போ கையில இருக்கிற வழிகள்:

1. 17×8 +45, டயர் 225/45.
2. 17×9 +42, டயர் 245/40.
3. 18×9.5 +38, டயர் 255/35. ரிம் கடையில 'தாராளமா ஏறும், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றாங்க.
4. ஆஃப்கட் கடையில (பழைய பாகம் விக்கிற கடை) 17×8 +48 ரிம் ஒரு செட் மலிவா கிடைக்குது, ஆனா துளை 5×114.3 (துளை எண்ணிக்கை × துளை வட்டத்தோட விட்டம்), என் வண்டி 5×100. அடாப்டர் போட்டு மாட்டலாமாம்.

மட்கார்டு விளிம்பை உள்ளே மடிச்சு உருட்டாம, வளைவுல உரசாம ஓடணும். எது சரி?


மில்லிமீட்டர் மாமா:

தம்பி, ஏறுமா ஏறாதான்னு கேட்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரிம்முக்கும் ரெண்டு எண் கண்டுபிடிக்கணும். ஹப் (ரிம் பூட்டுற நடுப்பாகம்) முகத்திலிருந்து உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு. ஆஃப்செட்டை மட்டும் வச்சுப் பேசுறதுல பிரயோஜனம் இல்லை. +45-ன்னு போட்ட 8 இஞ்ச் ரிம்மும் +45-ன்னு போட்ட 9.5 இஞ்ச் ரிம்மும் உட்காரும் இடம் வேற வேற.

கணக்கு சுலபம். ரிம் அகலத்தை 25.4-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்க. அதோட ஆஃப்செட்டைக் கூட்டினா உள்பக்கம், கழிச்சா வெளிப்பக்கம். உங்க 17×7 +48-க்குப் பாதி 88.9. உள்ளே 136.9, வெளியே 40.9. அதுவே 17×9 +42-க்குப் பாதி 114.3. உள்ளே 156.3, வெளியே 72.3. ஆக ரிம் உள்பக்கம் 19 மி.மீ., வெளிப்பக்கம் 31 மி.மீ. நகருது.

இதோட நிறுத்திட்டா தப்பாயிடும். அப்சோர்பர்ல போய் இடிக்கிறது ரிம் இல்லை, டயரோட பக்கவாட்டு. டயர்ல 215-ன்னு எழுதியிருக்கிறது ஒரு குறிப்பிட்ட அகல ரிம்ல மாட்டி அளந்த கணக்கு. ரிம் அரை இஞ்ச் கூடினா டயர் சுமார் 5 மி.மீ. விரியும், குறைஞ்சா அதே அளவு சுருங்கும். அந்த வகையில 215/45 உங்க 7 இஞ்ச்ல சுமார் 213 மி.மீ., 225/45 எட்டு இஞ்ச்ல 230, 245/40 ஒன்பது இஞ்ச்ல 253, 255/35 ஆர்18 ஒன்பதரையில 265 வரும். இதுல பாதியை எடுத்து ஆஃப்செட்டைக் கூட்டிக் கழிச்சா, இப்போ இருக்கிற டயரிலிருந்து புது டயர் எவ்வளவு நகருதுன்னு வரும்:

17×8 +45, 225/45: உள்ளே 5.5, வெளியே 11.5 மி.மீ.
17×9 +42, 245/40: உள்ளே 14, வெளியே 26 மி.மீ.
18×9.5 +38, 255/35: உள்ளே 16, வெளியே 36 மி.மீ.

ஒன்பதரை இஞ்ச் ரிம் உள்பக்கம் ஒன்பது இஞ்ச்சை விட 2 மி.மீ.தான் அதிகம் போகுது, மிச்ச அகலமெல்லாம் வெளியே வழியுது. கடைக்காரர் 'ஏறும்'னு சொல்றது பொய் இல்லை. ஹப்ல ஏறும், நட்டு பூட்டலாம். அதோட அவர் வேலை முடிஞ்சுது.

அடுத்தது விட்டம். இறக்கின வண்டிக்கு இதுதான் முக்கியம், பலர் இதைப் பார்க்கிறதே இல்லை. 215/45 ஆர்17-ன் விட்டம் 625 மி.மீ. 245/40 ஆர்17 போட்டா 628, வித்தியாசமே தெரியாது. 225/45 ஆர்17 போட்டா 634. 255/35 ஆர்18 போட்டா 636. 225/40 ஆர்18 போட்டா 637. சிலர் பள்ளத்துக்குப் பயந்து 235/40 ஆர்18 போடுவாங்க, அது 645. விட்டம் 20 மி.மீ. கூடினா ஆரம் 10 மி.மீ. கூடும். ஏற்கெனவே 30 மி.மீ. இறக்கின வண்டியில அந்தப் பத்தும் மட்கார்டுக்குள்ளதான் போகணும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயரோட முன்விளிம்பு பம்பர் பக்கத்து லைனர்ல (மட்கார்டு உள்பக்கப் பிளாஸ்டிக்) தேய்க்கிறது அகலத்தால மட்டும் இல்லை, பெரும்பாலும் இந்த விட்டத்தாலதான்.

கியர் பக்கமும் ஒரு விஷயம் இருக்கு. உங்க 2013 மேனுவல்ல ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போற கடைசி கியர் விகிதம்) 4.1. டயர் 645 ஆனா அது சுமார் 3.97 போட்ட மாதிரி ஓடும். 200 குதிரைச் சக்தி வண்டியில கெந்திங் ஏத்தத்துல மூணாவது கியர்ல அந்தச் சோம்பல் நல்லாவே தெரியும்.

நாலாவது வழியை இப்பவே மறந்துடலாம். 5×100-லிருந்து 5×114.3-க்கு மாத்துற அடாப்டர் உறுதியா இருக்கணும்னா 20 மி.மீ.யாவது தடிமன் வேணும். +48 ரிம் +28 ஆயிடும். 225 டயரே வெளிப்பக்கம் 28 மி.மீ. நகரும், அகலத்துல ஒரு லாபமும் இல்லை. அதுக்கு மேல ஒரிஜினல் ஸ்டட் அடாப்டரைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிற்கும். ரிம்மோட முதுகுல குழி இருந்தா தப்பிச்சீங்க, இல்லைன்னா ஸ்டட்டை வெட்டணும். மலிவு ரிம்முக்காக ஹப்பைக் கெடுக்க வேண்டாம்.

முதல்ல வண்டியில ரெண்டு இடம் அளந்து போடுங்க. முன் டயருக்கும் அப்சோர்பருக்கும் நடுவுல மிக நெருக்கமான இடத்து இடைவெளி, இடது வலது ரெண்டும். அப்புறம் மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டு, டயரோட மேல்பக்கச் சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரம், நாலு சக்கரத்துக்கும். சமதரையில, ஸ்டியரிங் நேரா, ஆள் ஏறாம.


பினாங்கு பிஆர்இசட்:

மாமா சொன்ன கணக்கோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா 18 இஞ்ச்னாலே 9.5-ன்னு ஆயிடுச்சே, அதுதான் வருத்தம். 18×8.5 +45-ல 225/40 போட்டுப் பாருங்க. டயர் உள்ளே 8, வெளியே 14 மி.மீ.தான் நகரும். பார்க்க மட்கார்டு நிறைஞ்சு இருக்கும், எதையும் வெட்ட வேண்டாம், 2022-லிருந்து வர்ற ஜிஆர்86-க்கே டொயோட்டா 18×7.5 +48, 215/40 ஆர்18 தருதே. 18-னா ஓட்டம் கெட்டுப்போயிடும்னு சொல்றவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இழப்பும் இருக்கு, மறைக்கலை. 225/40-ன் சுவர் 90 மி.மீ., இப்போ இருக்கிறது 97. ஏழு மி.மீ. குறைஞ்சதும், இறக்கின ஸ்பிரிங்கின் விறைப்பும் சேர்ந்தா மழைக்கு அப்புறம் வர்ற பள்ளங்கள்ல ரிம் விளிம்பு வளையும். பொதுவா டயர் விலையும் 17-ஐ விடக் கூட. செப்பாங் போறவங்களுக்கு இந்த விலை வித்தியாசம் சும்மா இல்லை.


அலைன்மென்ட் ரத்தினம்:

ரிம் வாங்கின பிறகு மாட்டிப் பார்க்கிற முறையைச் சொல்றேன். நின்ன இடத்துல இடைவெளி இருக்குன்னு கிளம்பிப் போறவங்கதான் முதல் வேகத்தடையிலேயே திரும்பி வர்றாங்க.

வண்டியை ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஒரு பக்கத்து அப்சோர்பரைக் கழட்டி ஸ்பிரிங்கை எடுத்துட்டு, பம்ப் ஸ்டாப்போட (முழுசா அமுங்கும்போது இடி தாங்குற ரப்பர்) வெறும் அப்சோர்பரைத் திருப்பி மாட்டணும். ஸ்டெபிலைசர் பார் லிங்கையும் அந்தப் பக்கம் கழட்டி விடுங்க. அது மாட்டியிருந்தா இன்னொரு பக்கத்துச் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும், ஜாக் ஏறாது. ரிம்மை மாட்டி, நட்டைக் கையால இறுக்கினாப் போதாது, முழுசா இறுக்கணும். அப்புறம் லோயர் ஆர்மோட வெளிமுனையில ஜாக் வச்சு 10 மி.மீ. 10 மி.மீ.-ஆ ஏத்துங்க. ஒவ்வொரு படியிலயும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்க்கணும். பம்ப் ஸ்டாப் பாதி நசுங்கிற வரைக்கும் ஏத்திப் பார்த்தாத்தான் அது நிஜமான அளவு.

இடைவெளி எவ்வளவு போதும்? இடத்துக்கு இடம் மாறும். அப்சோர்பருக்கும் டயருக்கும் நடுவுல 5 மி.மீ. இருந்தாப் போதும், ஏன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் மேலயும் கீழயும் போகுது. டயர் வளைவுல நெளியுற அளவுக்கு மட்டும் இடம் வேணும். மட்கார்டு விளிம்புக்கு அது பத்தாது. புஷ் நெளியும், ஹப்பும் ஆர்மும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். முழுசா அமுங்கின நிலையில 8-லிருந்து 10 மி.மீ. இருக்கணும்.

ஸ்பிரிங் கழட்ட வசதியில்லைன்னா சுமாரான வழி ஒண்ணு. அப்சோர்பர் கம்பியில ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி, கீழே உடம்போட ஒட்டித் தள்ளி விடுங்க. மட்கார்டு விளிம்போட உள்பக்கம் குழந்தைங்க விளையாடுற களிமண்ணை உருண்டையா ஒட்டுங்க. ரெண்டு நாள் வழக்கமான ரோட்டுல ஓட்டுங்க. கேபிள் டை எவ்வளவு மேல போயிருக்கோ அதுதான் நீங்க உபயோகிக்கிற ஓட்டம். களிமண் நசுங்கின கனம்தான் மிச்ச இடைவெளி.

86-ல வழக்கமா உரசுற இடம் மூணு. முன்னாடி, பம்பரும் மட்கார்டும் சேர்ற இடத்துல இருக்கிற காதும் அதோட திருகும். அங்கே பட்டா டயரோட வெளித் தோள்ல சீரான ஒரு கீறல் விழும். ரெண்டாவது, முன் லைனரோட பின்பக்கம், முழுசா ஒடிக்கும்போது. அது பிளாஸ்டிக், ஹீட் கன்னால இளக்கி உள்ளே தள்ளினா சரியாயிடும். மூணாவது, பின் மட்கார்டு விளிம்பும் பின் பம்பர் காதும். ஆள் ரெண்டு பேர் பின்னாடி உட்கார்ந்தா மட்டும் கேட்கும் சத்தம் பெரும்பாலும் இதுதான்.

இதையெல்லாம் விட மோசம் உள்பக்கச் சுவர் அப்சோர்பர்ல தேய்க்கிறது. சத்தம் வராது, வெளியிலிருந்து தெரியாது. மாட்டின முதல் வாரம் ரிம்மைக் கழட்டி உள்சுவரைத் தடவிப் பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒரு வளையம் தெரிஞ்சா அந்த டயரை அதுக்கு மேல ஓட்டாதீங்க.

30 மி.மீ.க்கு மேல இறக்காதீங்கன்னும் சேர்த்துச் சொல்லிடுறேன். அதுக்கு மேல போனா முன் லோயர் ஆர்ம் வெளிமுனை மேல்நோக்கிச் சாய ஆரம்பிக்கும், ரோல் சென்டர் (வளைவுல வண்டி சாயுறதுக்கு மையமான புள்ளி) வண்டியோட எடை மையத்தை விட வேகமா கீழே போகும். வண்டி தாழ்வா இருக்கும், ஆனா வளைவுல முன்னை விட அதிகமா சாயும்.


கிள்ளான்86:

ரொம்ப நன்றி மாமா, ரத்தினம் அண்ணே. அளந்துட்டேன்.

முன் டயருக்கும் அப்சோர்பருக்கும் (கீழ் ஸ்பிரிங் தட்டுக்குப் பக்கத்துல): இடது 21, வலது 19 மி.மீ.
மட்கார்டு நூலிலிருந்து டயர் மேல்சுவர் வரை: முன் இடது 25, முன் வலது 23. பின் இடது 34, பின் வலது 36.

அலைன்மென்ட் தாள்ல முன் கேம்பர் ரெண்டு பக்கமும் பூஜ்யத்துக்குப் பக்கம், பின்னாடி -2 டிகிரி. இடது வலது வித்தியாசப்படுறதே, வண்டி இடிபட்டதா? கேம்பர் போல்ட் வாங்கி -1.5 வச்சா 17×9 ஏறிடும்தானே?


மில்லிமீட்டர் மாமா:

ரெண்டு மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். சப்ஃப்ரேம் போல்ட் துளையில அவ்வளவு விளையாட்டு இருக்கும். ஆனா கணக்கு எப்பவும் குறைஞ்ச பக்கத்தை வச்சுத்தான் போடணும். உங்களுக்கு உள்ளே 19, வெளியே 23.

17×8 +45: உள்ளே 19-ல 5.5 போனா 13.5 மிச்சம். வெளியே 23-ல 11.5 போனா 11.5 மிச்சம். எந்த வேலையும் இல்லாம ஏறும்.

18×9.5 +38: உள்ளே 19-ல 16 போனா 3. வெளியே 23-ல 36 போனா, மட்கார்டுக்கு வெளியே 13 மி.மீ. கேம்பர் வச்சு இழுத்தாலும் -2.5 வேணும், அப்பவும் விளிம்போட விளிம்பா நிற்கும். டயர் மட்கார்டைத் தாண்டினா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடுப்புல சம்மன், புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில தோல்வி. தினசரி வண்டிக்கு இது வேண்டாம்.

17×9 +42: உள்ளே 19-ல 14 போனா 5. வெளியே 23-ல 26 போனா 3 மி.மீ. வெளியே நீட்டும். இதைத்தான் கேம்பர் வச்சு உள்ளே இழுக்கணும். ஒரு டிகிரி சாய்ச்சா டயரோட மேல்விளிம்பு சுமார் 5.5 மி.மீ. உள்ளே போகும், ஒன்றரைக்கு 8. அப்போ மட்கார்டுக்குள்ளே 5 மி.மீ. இது நின்ன நிலையில; முழுசா அமுக்கினா ரத்தினம் சொன்ன இடைவெளி இருக்கான்னும் பார்த்துக்குங்க.

இப்போ உங்க கேம்பர் போல்ட் கேள்வி. போல்ட் இருக்கிறது நக்கிளும் (ஹப்பைத் தாங்குற பாகம்) அப்சோர்பரும் சேர்ற இடத்துல. அதைத் திருகினா அப்சோர்பர் அசையாது, சக்கரம் மட்டும் அப்சோர்பரைப் பார்த்துச் சாயும். ஸ்பிரிங் தட்டு உயரத்துல டிகிரிக்கு மூணு நாலு மி.மீ. இடைவெளி போகும். உங்களுக்கு இருக்கிறதே 5. ஒன்றரை டிகிரி வச்சா அதுவும் தீர்ந்து டயர் தட்டுல உட்கார்ந்துடும்.

அதே கேம்பரை மேலே, அப்சோர்பர் தலையில இருக்கிற தட்டுல வச்சா அப்சோர்பரும் சக்கரமும் ஒண்ணா சாயும். நடுவுல இருக்கிற 5 மி.மீ. அப்படியே இருக்கும், மட்கார்டு பக்கம் மட்டும் 8 மி.மீ. கிடைக்கும். பானெட்டைத் திறந்து உங்க அட்ஜஸ்டபிள் தலையைப் பாருங்க. நாலு ஆலன் போல்ட்டும் நீளவாக்கு துளையும் அளவுக்கோடும் இருந்தா கேம்பர் தட்டு இருக்குன்னு அர்த்தம். இருந்தா 17×9 +42, 245/40-ஐ வாங்குங்க. இல்லைன்னா 17×8 +45-ல நிறுத்திக்குங்க, அல்லது தட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்க. ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற தட்டு) வச்சு ஒப்பேத்துறது உங்க வண்டிக்கு உதவாது. உள்ளே ஜெயிக்கிற 3 மி.மீ.யை வெளியே தோப்பீங்க.

பின்னாடி கவலையே இல்லை. -2 டிகிரி ஏற்கெனவே இருக்கு, 34-ல 26 போனாலும் 8 மிச்சம். பின் லோயர் ஆர்ம் மாத்தி கேம்பரை -1.5-க்குக் குறைச்சா அந்த 8-ல மூணு போகும், அதை மட்டும் நினைவுல வச்சுக்குங்க.

ஒரு எச்சரிக்கை. நான் போட்ட 253 மி.மீ. பொதுக் கணக்கு. தோள் வளைஞ்ச ரோட்டு டயரும், தோள் சதுரமா இருக்கிற டிராக் வகை டயரும் ஒரே 245-ன்னு எழுதியிருந்தாலும் நிற்கிற விதம் வேற. உங்க இடைவெளி 5 மி.மீ.தான், அதனால வாங்குற டயரோட தயாரிப்பாளர் அட்டவணையில 'செக்ஷன் விட்த்'தும் அதை அளந்த ரிம் அகலமும் பார்த்து, அரை இஞ்ச்சுக்கு 5 மி.மீ. கூட்டிச் சரிபார்த்துட்டுப் பணம் கொடுங்க.


பினாங்கு பிஆர்இசட்:

மழையையும் சொல்லுங்க மாமா. வண்டி எடை 1,250 கிலோ சொச்சம், அதுல 245 அகலம். சாயங்கால மழையில கூட்டரசு நெடுஞ்சாலை இடது லேன்ல தண்ணி தேங்கி நிற்கும். டிரெட் பாதி தேய்ஞ்ச 245 டயர் அங்கே 215-ஐ விடச் சீக்கிரம் மிதக்கும். டிரெட் ஆழம் 3 மி.மீ. ஆனதும் மாத்திடணும், சட்டத்துல சொன்ன 1.6 வரைக்கும் இழுக்கக் கூடாது.


ஆஃப்கட் ஆறுமுகம்:

ரிம் சைஸ் முடிவாயிடுச்சு, இனி வாங்குறதுல ஏமாறாம இருக்கணும்.

நட்டு. இது டொயோட்டா பேர்ல இருக்கிற சுபாரு ஹப். மத்த டொயோட்டா கார்களுக்குப் பெரும்பாலும் எம்12×1.5, இதுக்கு எம்12×1.25. கடையில 'டொயோட்டா நட்டு'ன்னு கேட்டு வாங்கி ஏர் கன்னால இறுக்கினா ஸ்டட் மரை போச்சு. முதல் அஞ்சாறு சுத்து கையாலதான் போகணும். போகலைன்னா மரை தப்பு. மொத்தமா பத்து சுத்தாவது பிடிச்சாத்தான் 12 மி.மீ. மரை உள்ளே இருக்குன்னு அர்த்தம். வெளிச் சந்தை ரிம் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட்டு கேட்கும், வாங்கும்போதே பார்த்துக்குங்க. டார்க் 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில. 100 கி.மீ. ஓடினதும் ஆறின ரிம்ல மறுபடி ஒரு தடவை.

நடு ஓட்டை. உங்க ஹப் 56.1 மி.மீ. வெளிச் சந்தை ரிம் பல 73.1-ல வரும், 73.1-56.1 வளையம் நாலு வாங்கணும். இல்லாம மாட்டினா நட்டு மட்டும் ரிம்மை நடுவுல நிறுத்தணும், மணிக்கு 90-110 வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை பண்ணினாலும் போகாது, அங்கேதான் நிறைய பேர் காசு விடுறாங்க. செப்பாங் போறதால பிளாஸ்டிக் வேண்டாம், பிரேக் சூட்டுல இளகிடும். அலுமினியம் வளையம் வாங்கி ஹப் விளிம்புல மட்டும் துளி ஆன்டி-சீஸ் (ஒட்டிப் பிடிக்காம தடுக்கிற கிரீஸ்) தடவுங்க. ஸ்டட் மரையில தடவக் கூடாது, டார்க் கணக்கு பொய்யாயிடும்.

ஆஃப்கட் கடைகள்ல ப்ரியஸ், விஷ் ரிம் 5×100-ன்னு காட்டுவாங்க. துளை சரியா வரும். ஆனா நடு ஓட்டை 54.1, உங்க ஹப் 56.1. ஹப் மேல ரிம் முழுசா உட்காரவே உட்காராது. கடைஞ்சு தர்றேன்னு சொல்வாங்க, வேண்டாம்.

காசு குறைவா முடிக்கணும்னா 2011-14 இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ்ல வந்த 17×8 +53-ஐத் தேடுங்க. 5×100, நடு ஓட்டை 56.1, வளையம் வேண்டாம், மரையும் அதேதான். 225/45 போட்டா உள்ளே 13.5 மி.மீ. நகரும். உங்க வலது பக்கம் 5.5 மிச்சம், கேம்பர் போல்ட்டைத் தொடாத வரைக்கும் ஓடும். வெளியே மூணரைதான் நகரும், பார்க்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது.

பழைய ரிம்னா டயரைக் கழட்டச் சொல்லி, பேலன்சிங் மெஷின்ல வெறும் ரிம்மைச் சுத்தவிட்டு உள்விளிம்பைப் பாருங்க. ஆட்டம் 1 மி.மீ.க்கு மேல இருந்தா விட்டுடுங்க. ஸ்போக்குக்குப் பின்னாடி பீப்பாய் உள்பக்கம் வெல்டிங் தழும்பு, புது பெயின்ட் ஒட்டு இருந்தாலும் விட்டுடுங்க. ஜப்பான் ரிம்ல ஜேடபிள்யூஎல், விஐஏ தர முத்திரை வார்ப்பிலேயே இருக்கும், ஸ்டிக்கரா ஒட்டியிருந்தா சந்தேகப்படுங்க. டயர்ல நாலு இலக்க எண்ணைப் பாருங்க: 2319-ன்னா 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான குறியீடு) ஒரிஜினல்ல 87, அதுக்குக் கீழே இறங்காதீங்க.


கிள்ளான்86:

தலையில நாலு ஆலன் போல்ட், அளவுக்கோடு எல்லாம் இருக்கு மாமா! அப்போ 17×9 +42, நாலும் 245/40. பின்னாடி மட்டும் அகலமா 255 போட்டா நல்லா இருக்குமான்னு தம்பி ஒருத்தன் கேட்கிறான். கடைசியா அலைன்மென்ட் எண்ணும் காத்தும் சொல்லிடுங்க ரத்தினம் அண்ணே.


அலைன்மென்ட் ரத்தினம்:

பின்னாடி அகலம் வேண்டாம். 86-க்கு நாலும் ஒரே சைஸா வர்றது காரணமாத்தான். பின்னாடி பிடிப்பு கூடினா முன்பக்கம் வெளியே வழிய ஆரம்பிக்கும், செப்பாங் நீள வளைவுகள்ல முன் டயரோட வெளித் தோள் கரைஞ்சு போகும். முன்-பின் மாத்தி ஓட்டவும் முடியாது. நாலும் ஒண்ணா இருந்தா 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்திக்கலாம். டயர்ல சுழல் அம்புக்குறி இருந்தா அதே பக்கத்துல முன்-பின் மட்டும்.

முதல்ல உயரத்தை நாலு பக்கமும் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில உங்க எடைக்கு மூட்டை வச்சு, அப்புறம் அலைன்மென்ட். முன்னாடி கேம்பர் -1.5, டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) பூஜ்யம். பின்னாடி கேம்பர் -1.5-லிருந்து -2-க்குள்ள, ரெண்டு பக்கமும் ஒண்ணா. டோ உள்பக்கமா, ஒரு பக்கத்துக்கு 0.1 டிகிரி. லோயர் ஆர்ம் மாத்தாம -2-லயே விட்டாலும் பரவாயில்லை. டயரோட உள்பக்கத்தைத் தின்னுறது பெரும்பாலும் கேம்பர் இல்லை, டோதான். இறக்கின பிறகு பின் டோ சரியா வைக்காத வண்டியில 10,000 கி.மீ.க்குள்ள கம்பி தெரியும்.

ஆஃப்செட் +48-லிருந்து +42-க்கு வர்றதால டயரோட நடு 6 மி.மீ. வெளியே போகுது. லாரி ஓடித் தேய்ஞ்ச தடத்துல ஸ்டியரிங் கொஞ்சம் அலையும், அது இயல்பு. அலைன்மென்ட் தப்புன்னு நினைச்சு டோவை உள்ளே திருப்பச் சொல்லாதீங்க.

காத்து: ரோட்டுல ஒரிஜினல் சொல்றது 35 பிஎஸ்ஐ. 245-க்கு 33-34 போதும். செப்பாங்ல குளிர்ந்த டயர்ல 30-ல ஆரம்பிச்சு, அஞ்சு சுத்து ஓடினதும் பிட்டுக்கு வந்து சூட்டோட அளங்க. 36-ஐத் தாண்டியிருந்தா அந்த இடத்திலேயே 35-க்கு இறக்குங்க. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டயர் ஆறினதும் மறுபடி 33-க்கு ஏத்தணும். ஆறின டயர்ல அப்போ 30-க்கும் கீழேதான் இருக்கும், அதோட நெடுஞ்சாலைக்குப் போனா பள்ளத்துல ரிம் விளிம்பு மாட்டிக்கும்.